அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

ஜனவரி 11

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் இடது முழங்காலைத் தவிர. அது வழக்கம்போல் எங்களோடு ஒத்துழைக்க மறுக்கிறது. உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நீ நிறுத்தியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ "ம்" கொட்டுவாய். பக்கத்தில் யாராவது இருந்தால் அதுவும் கிடையாது. சின்ன வயதிலிருந்தே உனக்குக் காகிதத்தில்தான் வாய் திறக்கும். அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டேன். பதினேழு வருடம் போட்ட நர்ஸ் சீருடையைத் துவைத்து, மடித்து, பெட்டியில் வைத்தாயிற்று. வருகிற சட்டமன்றத் தேர்தலில் நம் தொகுதியில் சுயேச்சையாக நிற்கப் போகிறேன்.

பிரசவ வார்டைப் பூட்டிப் பதினான்கு மாதம் ஆகிறது. வெள்ளையடிக்கிறார்களாம். யாரோ ஒருநாள் வந்து கதவில் ஒரே ஒரு பட்டை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், அத்தோடு சரி. நிறைமாதப் பெண்கள் நாற்பது கிலோமீட்டர் போகிறார்கள். போன மாதம் உன் அத்தானின் காய்கறி வேனில், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே, ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிடித்தது நான். அதற்கப்புறம் அத்தான் இரண்டு நாள் வேனை எடுக்கவில்லை. "ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை ஆடுதுடி" என்றார்.

நம் தொகுதி உறுப்பினரிடம் நேரில் போய்ச் சொன்னேன். ஊரே ரிப்பன் என்று கூப்பிடுகிற அதே ஆள்தான், ஒரே பேருந்து நிழற்குடையை மூன்று முறை ரிப்பன் வெட்டித் திறந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "பெயின்ட் காயட்டும்மா" என்றார். வீட்டுக்கு வந்து ராஜினாமாவை எழுதினேன்.

இப்போது யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று விதிகளை மாற்றப் போகிறார்களாமே? நீதான் அவர்கள் வாய்க்கு நேர் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் சுருக்கெழுத்தில் பிடிக்கிறவள். என்ன நடக்கிறது என்று ஒளிக்காமல் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
அக்கா

—

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். சொட்டு மருந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன், நம்பலாம். அம்மாவை மாடிப்படி ஏற விடாதே. ஏறினால் என் பெயரைச் சொல்லித் திட்டு.

சந்தோஷப்படுவதா, உன்னைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை. நீ எங்கே வர ஆசைப்படுகிறாய் என்று முதலில் தெரிந்துகொள்.

எங்கள் மேசை அவைத் தலைவரின் மேடைக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மக்கள் பிரதிநிதிகளின் முகம் தெரியாது. முழங்காலும் பாதமும்தான் தெரியும். முக்கியமான விவாதம் என்றால் செருப்பைக் கழற்றிவிடுவார்கள், கால் நீட்ட வசதியாக. ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் மாறி மாறிச் சுருக்கெழுத்தில் எடுப்போம். மணி அடித்ததும் எழுந்து பின்னால் தட்டச்சு அறைக்குப் போய், எடுத்ததை "வாக்கியமாக்க" வேண்டும். அப்படித்தான் எங்கள் அறையில் சொல்வார்கள். அவர்கள் பேசுவார்கள், நாங்கள் வாக்கியமாக்குவோம்.

ஓர் உதாரணம் தருகிறேன். போன கூட்டத்தொடரில் உங்கள் ரிப்பன் பேசியது இது: "அதாவது தலைவரே, அந்த ரோடு... அந்த ரோடு இருக்குல்ல... ஏய், நீ உட்காரு மொதல்ல. ஆங். அது ரோடே இல்லங்க. ரோடு வேணும்." அச்சில் வந்தது இது: "சாலை என்பது மக்களின் நினைவில் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஒரு பகுதியிலிருந்து வந்து நிற்கிறேன், தலைவர் அவர்களே." அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தட்டச்சுப் பிரதி திருத்தத்துக்காக உறுப்பினருக்குப் போகும். ரிப்பன் ஆறு வருடத்தில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்.

சிரித்தால் அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று போடுவோம். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று போடக் கூடாது. அது விதி.

மசோதாவில் எட்டுப் பிரிவுகள். ஐந்தாவதைக் கவனி: அரசு வேலையை விட்டவர்கள் இரண்டு வருடம் கழித்துத்தான் போட்டியிடலாம். அது நிறைவேறினால் உன் கதை முடிந்தது. நிறைவேறாவிட்டாலும், அக்கா, இந்தக் கும்பலுக்கு நடுவில் உட்கார நீ ஆசைப்பட வேண்டுமா? பதினேழு வருடம் சுத்தமான கையோடு வேலை பார்த்தவள் நீ.

அத்தானுக்கு என் அன்பு. கை ஆடுவது நின்றதா?

சின்னவள்

—

பிப்ரவரி 3

தங்கச்சிக்கு,

சுகம். அத்தான் கை நின்றுவிட்டது, இப்போது வாய்தான் நிற்கவில்லை. வேனில் போகிற இடமெல்லாம் எனக்கு ஓட்டுக் கேட்கிறார். கத்தரிக்காய் வாங்க வந்தவர்கள் பயந்து ஓடுகிறார்கள்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கால்களைப் பற்றி நீ எழுதியதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்போ அந்த ஆளுக்கு நல்லாப் பேசக் கத்துக் குடுத்தது இவதானா?" என்றாள்.

எனக்கும் அதுதான் தோன்றியது. அவர்களை இவ்வளவு கேவலமாக எழுதுகிறாய். ஆனால் தினமும் அவர்கள் கசக்கிப் போடுகிற சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிவிடுவது நீதானே? கோபப்படாதே, கேட்கிறேன்.

கும்பலைப் பற்றிச் சொன்னாய். சுத்தமான கையா? பதினேழு வருடம் என் கை எதில் எல்லாம் இருந்தது என்று உனக்குச் சொன்னால் நீ ஒரு வாரம் சாப்பிட மாட்டாய். அசிங்கத்துக்குப் பயந்தால் பிரசவம் பார்க்க முடியாது.

ஐந்தாம் பிரிவு என்ன ஆனது என்று தெரிந்ததும் எழுது. முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும், பதினான்கு பேர் தயாராக இருக்கிறார்கள்.

தலைக்கு எண்ணெய் வை, கண் எரிச்சல் குறையும்.

அக்கா

—

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய் வைத்தேன். அலுவலகத்தில் யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மற்றபடி நலம்.

நீ தப்பித்தாய். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். இதை விடக் கேவலமான நான்கு நாட்களை நான் எடுத்ததில்லை.

முதல் மூன்று பிரிவுகள் தேதியும் முத்திரையும் பற்றியவை, யாரும் கேட்கக்கூட இல்லை. நான்காவது, எழுபது வயதுக்கு மேல் நிற்கக் கூடாது. மூத்த உறுப்பினர் எழுந்தார். எழ இரண்டு பேர் வேண்டியிருந்தது. "வயசு எனக்கு ஒடம்புலதான்" என்றார். முன்வரிசை முழுக்க மேசையைத் தட்டியது, முன்வரிசை முழுக்கவே எழுபதுக்கு மேல். பிரிவு செத்தது. ஐந்தாவது உன்னுடையது. ஆளுங்கட்சி அடுத்த தேர்தலுக்கு இரண்டு ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரிகளைத் தயார் செய்து வைத்திருக்கிறது, எதிர்க்கட்சி ஒரு மாவட்ட அதிகாரியை. இரு தரப்பும் ஒரே குரலில் "அனுபவத்துக்குக் கதவடைக்கலாமா?" என்று கேட்டன. பிரிவு செத்தது. ஆறாவது, வேட்பாளர் அதே தொகுதியில் ஐந்து வருடம் குடியிருக்க வேண்டும். அப்போது அவை எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா? பென்சில் சத்தம் கேட்டது. பாதிப் பேர் தங்கள் தொகுதியைக் கடைசியாகப் பார்த்தது ஓட்டுக் கேட்கப் போனபோதுதான். அதுவும் செத்தது. ஏழாவது, குற்ற வழக்கில் சிக்கியவர்கள். அதை ஆழமாக ஆராய ஒரு குழு போட்டார்கள். குழுவில் ஐந்து பேர். அதில் மூன்று பேர் மேல் வழக்கு இருக்கிறது. அனுபவத்துக்குக் கதவடைக்கவில்லை, பார்.

எட்டாவது, வேட்புமனுத் தாளின் நிறத்தை வெளிர் பச்சையாக மாற்றுவது. கட்சி வேறுபாடின்றி, பலத்த கரவொலிக்கிடையே நிறைவேறியது.

ஆக, நான்கு நாள் விவாதித்து ஒரு காகிதத்தின் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். இறுதி வாக்கெடுப்பு மார்ச் கடைசியில். அதுவரை புதிதாக யாராவது எதையாவது சேர்க்கலாம், ஆனால் அதற்கு உழைப்பு வேண்டும். நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

இஸ்திரி பற்றிக் கேட்டாய். அது என் வேலை, அக்கா. தையல்காரர் யாருக்குச் சட்டை தைக்கிறோம் என்று பார்ப்பாரா?

அம்மாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

சின்னவள்

—

மார்ச் 2

என் தங்கமே,

உன் கடிதம் வந்த அன்று அத்தான் வேனில் ஹாரன் அடித்துக்கொண்டே மூன்று தெரு சுற்றினார். அம்மா உட்பட எல்லோரும் சுகம். நீ நன்றாக இருக்கிறாயா? குரலே இல்லாமல் எழுதுகிறாய் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, எனக்குக் கேட்கிறது.

இத்தோடு ஒரு துண்டுப் பிரசுரம் வைத்திருக்கிறேன். ரிப்பன் அச்சடித்து வீடு வீடாகப் போட்டிருக்கிறார். சட்டமன்றத்தில் நம் வார்டைப் பற்றி அவர் பேசியதாம், அவைக் குறிப்பிலிருந்து அப்படியே எடுத்தது என்று கீழே போட்டிருக்கிறது. "ஒரு குழந்தை இந்த உலகில் காணும் முதல் காட்சி பூட்டிய கதவாக இருக்கலாகாது" என்கிறார். "தாயின் வலிக்குத் தேதி குறிக்க நாம் யார்?" என்கிறார்.

படிக்கிறவர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். வேனில் பிறந்த குழந்தையின் அம்மாகூட என்னிடம் வந்து, "நம்ம மனசுல இருக்கறத அப்படியே பேசியிருக்காருக்கா. நீங்க எதுக்கு வீணா அலையறீங்க?" என்றாள். நான் எடுத்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

முன்மொழிய இருந்த பதினான்கு பேரில் நான்கு பேர் கழன்றுவிட்டார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் நிஜமாகவே இப்படிப் பேசினாரா?

அக்கா

—

மார்ச் 9
(அனுப்பாதது. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.)

அக்கா,

அவர் பேசியது இது: "அந்த வார்டு... பெயின்ட் வேல நடக்குது தலைவரே. புள்ளைங்க பொறக்குது. பொறக்கட்டும். யார் வேணாம்னா?" முதல் காட்சியும் பூட்டிய கதவும் தாயின் வலியும் நான் எழுதியவை. பட்ஜெட் விவாதத்தில் மணி அடித்து உள்ளே போய், பதினோரு நிமிடத்தில் எழுதினேன். உன் முதல் கடிதம் என் பைக்குள் இருந்தது. உனக்காகத்தான் நன்றாக எழுதினேன் என்று நினைத்தேன். அவருக்காக எழுதியிருக்கிறேன்.

இது பாதிதான். நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நேற்று ரிப்பன் எழுந்து, "இப்படியே போனா, இங்க கீழ உக்காந்து எழுதுதே இந்தப் பொண்ணு, இதோட அக்காகூட நாளைக்கு மேல வந்து உக்காருவா" என்றார். அவை முழுக்கச் சிரித்தது. அது என்னுடைய ஐந்து நிமிடம். குனிந்தபடியே எடுத்தேன். அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று போட்டேன். கை நிற்கவில்லை, அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிறகு அவர் சிரிப்பு அடங்குமுன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒன்பதாம் பிரிவு: சட்டமன்றச் செயலகத்தில் வேலை பார்ப்பவரின் பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போட்டியிட முடியாது. செயலகத்தின் நடுநிலைமையைக் காக்கவாம். எதிர்க்கட்சியிலும் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஏன் எதிர்க்க வேண்டும்? எட்டுப் பிரிவில் நான்கு அவர்களில் யாரையாவது தொட்டது. இது தொடுவது எங்களை மட்டும்தான்: எழுதுபவர்கள், பெருக்குபவர்கள், தேநீர் கொண்டுவருபவர்கள். அந்த மண்டபத்தில் வாய் திறக்க உரிமையில்லாத ஆட்கள்.

நான் இந்த வேலையில் இருக்கும்வரை நீ நிற்க முடியாது. நான் விட்டால் நிற்கலாம். அவ்வளவுதான் விஷயம்.

இந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உன்னிடம்கூடச் சொன்னதில்லை. நிமிடத்துக்கு நூற்றறுபது சொல். உலகத்தில் எனக்குத் தடுமாறாமல் வருகிற ஒரே காரியம்.

—

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பிரசுரம் கிடைத்தது.

ஆம், வார்டு பற்றிப் பேசினார்.

நான்கு பேர் கழன்றதில் ஆச்சரியம் இல்லை. ஜனங்கள் அப்படித்தான். அவர்களுக்கு இவர்களே போதும். நீ எதற்கு உன் நிம்மதியைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்று விசாரித்துப் பாரேன்.

வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

சின்னவள்

—

ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

இடையில் இரண்டு கார்டு போட்டேன். பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே சுகம்.

நேற்று தேர்தல் அலுவலகத்துக்குப் போய் மனுத்தாள் வாங்கி வந்தேன். நீ சொன்ன மாதிரியே வெளிர் பச்சை. கொடுத்த குமாஸ்தா, "புதுசும்மா, முழுக்கப் படிச்சுட்டு எழுதுங்க" என்று ஒரு மாதிரி பார்த்துச் சொன்னார்.

அடுக்களை மேசையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். ஆறு பக்கம் நிரப்பிவிட்டேன். ஏழாம் பக்கம் குடும்பத்தைப் பற்றியது. அதை அப்படியே வைத்திருக்கிறேன். கடைசித் தேதி மே 20, இன்னும் நாள் இருக்கிறது.

அத்தான் என்ன யோசனை என்று கேட்டார். பேனாவில் மை இல்லை என்றேன்.

உனக்கு நேரம் கிடைக்கும்போது எழுது. அவசரமில்லை.

அக்கா

—

ஏப்ரல் 26

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நலம் விசாரிக்கத் தகுதி இருக்கிறதா என்று தெரியாததால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஏழாம் பக்கம் என்ன கேட்கிறது என்று எனக்கு மார்ச் எட்டிலிருந்து தெரியும். அதை எடுத்ததே நான்தான். அன்று உனக்கு எழுதிய ஒரு கடிதத்தை அனுப்பாமல் வைத்திருந்தேன். இத்தோடு வருகிறது. அதைப் படித்துவிட்டு இதைப் படி.

படித்தாயா? சரி.

மார்ச் 27 அன்று இறுதி வாக்கெடுப்பு. ரிப்பன் ஒன்பதாம் பிரிவைப் பற்றிப் பேசினார். மறுபடியும் என் முறை. எடுத்தேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். இந்த முறை வாக்கியமாக்கவில்லை. எடுத்ததை எடுத்தபடி, ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் தட்டச்சு செய்தேன். திருத்தத்துக்குப் போனது. ஆறு வருடப் பழக்கம், படிக்காமல் கையெழுத்துப் போட்டார். போன வாரம் அச்சாகி எல்லா நூலகங்களுக்கும் போய்விட்டது. அதிலிருந்து ஒரு பக்கம்:

"தலைவரே, இந்த ஒம்பதாவது பிரிவு... ஒம்பதுதானே? ஆங். நல்ல பிரிவு. ஏன் நல்ல பிரிவுன்னா... யோவ், மணி ஒன்னாச்சா? சாப்பாடு வந்துருச்சான்னு பாரு. நல்ல பிரிவு. எங்க ஊர்ல ஒரு நர்ஸம்மா கிளம்பியிருக்கு, வார்டு வார்டுன்னு. வார்டு எங்க போயிரும்? ஒரு பூட்டு. சாவி நம்ம டிராயர்ல இருக்கு. தேர்தலுக்கு முந்தி தெறந்தா அது விழா. இப்பவே தெறந்தா வெறும் கதவு. (சிரிப்பு)"

எங்கள் தலைமைச் சுருக்கெழுத்தாளரை நாங்கள் கடிகாரம் என்போம், மணிக்கட்டைத் தட்டிக்கொண்டே இருப்பார். அச்சான புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"என்னம்மா இது?"

"அவர் பேசினது சார்."

"அவர் பேசினத யாரு எழுதச் சொன்னா?"

முப்பது வருடம் இந்த வேலை பார்த்தவர். கேள்வியை மனப்பூர்வமாகக் கேட்டார்.

எனக்கு இடைநீக்க உத்தரவு கொடுத்திருக்கிறார்கள். சட்டப் பிரிவில் விசாரித்தேன். இடைநீக்கத்தில் இருப்பவரும் பணியாளரே. ஆக, வேலையும் இல்லை, உனக்கு வழியும் இல்லை. என் துணிச்சலின் அளவு அவ்வளவுதான்.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

சின்னவள்

—

மே 4

சின்னவளுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் ஒளித்து வைக்க ஒருத்தி போதும்.

நீ அனுப்பிய பக்கம் வருவதற்கு முன்பே அச்சான புத்தகம் ஊருக்கு வந்துவிட்டது. நூலகர் படித்துவிட்டு ஆளனுப்பிக் கூப்பிட்டார். பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சு மேல் ஏறி நின்று வாசித்தேன். சாவி டிராயரில் இருக்கிறது என்ற இடம் வந்தபோது, வேனில் பெற்றவள் முன்னால் வந்து, "இன்னொரு வாட்டி படிங்கக்கா" என்றாள். படித்தேன். குழந்தையை அத்தான் கையில் கொடுத்துவிட்டு, முன்மொழியும் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ரிப்பன் இதெல்லாம் சதி, அச்சுப் பிழை என்கிறார்.

இப்போது உனக்கு. மார்ச்சிலேயே நீ சொல்லியிருக்க வேண்டும். வேலையை விடச் சொல்லியிருக்க மாட்டேன். உனக்கு அந்த வேலை பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? பத்து வயதில் ரேடியோச் செய்தியை ஓடி ஓடிச் சிலேட்டில் எழுதினவள்தானே நீ. நீ அதைச் சொல்லாமல், "ஜனங்கள் அப்படித்தான், இவர்களே போதும்" என்று எழுதினாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேசைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் காறித் துப்புவது சுலபம், தங்கச்சி. மேலே இருப்பவர்கள் மேல் ஒரு துளியும் படாது. திரும்ப உன் மேல்தான் விழும்.

விசாரணையை முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பு. வார்டில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவை எனக்குப் பதிலாக நிற்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அந்த அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. "நானா? எனக்குப் பேச வராதே" என்கிறாள். "ரிப்பனுக்கு மட்டும் வருதா?" என்றேன்.

சாப்பிடுகிறாயா இல்லையா?

அக்கா

—

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். அம்மாவின் திட்டு தனியாகத் தபாலில் வந்தது, நான்கு பக்கம், எழுத்துப் பிழை இல்லாமல்.

இத்தோடு ஓர் உத்தரவின் நகல் இருக்கிறது. என் ராஜினாமா மே பத்தாம் தேதி முதல் ஏற்கப்பட்டது. மனுவோடு இணைத்துவிடு.

இடைநீக்கத்தில் இருப்பவரின் ராஜினாமாவை ஏற்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள். ஒரே நாளில் ஆனது. யாரால் தெரியுமா? ரிப்பன் செயலாளரின் அறை வாசலில் நின்று, "அவள இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பு" என்று நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கிறார். நான் வீட்டுக்குப் போனால் நீ நிற்கலாம் என்று எழுதியிருப்பது அவர் கொண்டுவந்த பிரிவில்தான். அதையும் அவர் படிக்கவில்லை. கடிகாரம் படித்திருந்தார். உத்தரவை என் கையில் கொடுத்துவிட்டு மணிக்கட்டைத் தட்டி, "இருபதாம் தேதிக்குள்ள போய்ச் சேரணும்ல?" என்றார். அந்த மனிதரைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வரியை அடித்துவிடு.

உனக்காக விட்டேன் என்று ஊரில் சொல்லிவைக்காதே. தட்டச்சு அறையைக் காலி செய்தபோது என் பழைய பிரதிகளைப் புரட்டினேன். ஆறு வருடம். அத்தனையும் நல்ல தமிழ். படிக்கக் கூசியது.

காறித் துப்புவது பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்கு அவர்கள் மேல் இருக்கும் அருவருப்பு குறையவில்லை.

சின்னவள்

—

மே 18

தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். முழங்கால்கூட.

ஏழாம் பக்கத்தை நிரப்பிவிட்டேன். "உடன்பிறந்தோர் எவரேனும் செயலகத்தில் பணிபுரிகின்றனரா?" என்பதற்கு "இல்லை" என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள். குமாஸ்தா முத்திரையை இரண்டு முறை குத்தினார், ஒன்று தேவைக்கு, ஒன்று சந்தோஷத்துக்கு.

ஞாயிறு காலை பேருந்து நிலையத்தில் முதல் கூட்டம். ரிப்பனும் அன்றைக்கே வார்டைத் திறக்கிறாராம், பயந்துபோய். திறக்கட்டும், பெண்களுக்கு நல்லதுதான். நான் நிற்பதை நிறுத்த மாட்டேன்.

அத்தான் எனக்கு உன்னை வைத்துப் பேச்சு எழுதி வாங்கச் சொல்கிறார். வேண்டாம். நீ எனக்கு ஒரு வரி எழுதித் தரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வந்து முன்வரிசையில் உட்கார். நான் பேசுவதைப் பேசினபடி எடு. வீட்டுக்கு வந்ததும் எனக்குப் படித்துக் காட்டு. எங்கே புளுகினேன், எங்கே சுற்றி வளைத்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வருவாயா?

அக்கா

—

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை மாலைப் பேருந்தில் கிளம்புகிறேன். அம்மாவை நிலையத்துக்கு வர விடாதே. அத்தான் வேனோடு வரட்டும், முட்டைக்கோஸ் இருந்தாலும் பரவாயில்லை, ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆறு பென்சில் சீவி வைத்திருக்கிறேன். நீ எவ்வளவு வேகமாகப் பேசினாலும் பிடித்துவிடுவேன். இழுத்தால் இழுத்தபடி, உளறினால் உளறினபடி. ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன், நீ அழுதாலும் சரி.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கூட்டம் எங்கே சிரிக்கிறதோ அங்கே சிரிப்பு என்று போடுவேன். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதையும் போடுவேன்.

சின்னவள்